குமரி மாவட்டத்திலிருந்து ஸ்டாக் படம் விற்பது: வாங்குகிறவர்கள் எதைத் தேடுகிறார்கள்?

தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். படங்களைப் பயன்படுத்தும் உரிமத்தை இணையத்தில் விற்றுத் தருகிற ஸ்டாக் தளங்களில் மூன்று வருடத்தில் 340 படங்கள் ஏற்றியிருக்கிறார். பெரும்பாலும் முக்கடல் சூரிய உதயம், வள்ளுவர் சிலை, திற்பரப்பு அருவி. இதுவரை கிடைத்தது 14 டாலர். படம் நன்றாக இல்லையா, கேமராவை மாற்ற வேண்டுமா, வாங்குகிறவர்கள் என்னதான் தேடுகிறார்கள், ஏற்கெனவே ஏற்றியதை என்ன செய்வது என்று நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறார்.

தம்பி, நீங்கள் அனுப்பிய மாதிரிப் படங்களைப் பார்த்தேன். நன்றாகவே இருக்கின்றன. வெளிச்சத்தை எப்போது பிடிக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் நீங்கள் நின்ற அதே இடத்தில் தினமும் காலையில் நூற்றுக்கணக்கானவர்கள் கேமராவோடும் போனோடும் நிற்கிறார்கள். ஷட்டர்ஸ்டாக்கிலோ அடோபி ஸ்டாக்கிலோ கன்னியாகுமரி என்று தேடிப் பாருங்கள். பாறை, சிலை, செக்கச்சிவந்த வானம், இதுவே பக்கம் பக்கமாக வரும். அவற்றில் வாங்குகிறவருக்கு ஒன்று போதும். அந்த ஒன்று பெரும்பாலும் பத்து வருடத்துக்கு முன்பே ஏற்றப்பட்டு, பல தடவை விற்று, முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்ட படமாகத்தான் இருக்கும்.

வாங்குகிறவர் யார் என்பதை முதலில் மனதில் வையுங்கள். சுவரில் மாட்ட அழகான படம் தேடுகிறவர் இங்கே வருவது குறைவு. வருகிறவர் ஏதோ ஒரு அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் டிசைனர். பள்ளிப் பாடநூலில் இயற்கை ரப்பர் பற்றிய பாடத்துக்கு ஒரு படம் வேண்டும். தொண்டு நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் கிராமத்துப் பெண்களின் வருமானம் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது. காற்றாலையில் முதலீடு செய்கிற கம்பெனிக்கு முகப்புப் படம். இன்சூரன்ஸ் விளம்பரத்துக்கு ஒரு தாத்தாவும் பேத்தியும். எழுத வேண்டியதை யாரோ எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பக்கத்தில் வைக்கப் படம் வேண்டும், அதுவும் சாயங்காலத்துக்குள். அதனால் நான் கேமராவைத் தூக்குவதற்கு முன் இந்தப் படம் எந்த வாக்கியத்துக்குப் பக்கத்தில் உட்காரும் என்று கேட்டுக்கொள்வேன். அந்த வாக்கியத்தைச் சொல்ல முடியவில்லை என்றால், படம் எனக்காக எடுத்துக்கொண்டது. அதில் தப்பில்லை, ஆனால் அதை விற்பனைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

நம் மாவட்டத்தில் இந்த வாக்கியங்களுக்குப் பஞ்சமே இல்லை. மலை, காடு, ரப்பர், வாழை, தென்னை, பனை, நெல், உப்பளம், மீன்பிடித் துறைமுகம், காற்றாலை, பூச்சந்தை எல்லாம் ஒன்றரை மணி நேரப் பயணத்துக்குள் இருக்கின்றன. இப்படி ஒரு இடம் தமிழ்நாட்டில் வேறு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. நாமோ எல்லாவற்றையும் தாண்டி பைக்கில் போய்க் கடற்கரையில் நிற்கிறோம்.

ரப்பரையே எடுத்துக்கொள்வோம். தக்கலையிலிருந்து குலசேகரம் அரை மணி நேரம். பால் வெட்டைப் படம் எடுக்க நான் முதலில் போன அன்று ஏழரை மணிக்குப் போய் நின்றேன். வெட்டு முடிந்திருந்தது, சிரட்டையில் பாதிக்கு மேல் பால். விடியுமுன் வெட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. குளிர்ந்த நேரத்தில் பட்டைக்குள் அழுத்தம் கூடுதலாக இருக்கும், பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடும். மறுநாள் நாலரை மணிக்கே போனேன். நெற்றியில் லைட் கட்டிய ஒரு அக்கா மரம் மரமாக நகர்ந்துகொண்டிருந்தார். முதலில் பழைய வெட்டில் காய்ந்து கிடந்த ஒட்டுப்பாலை நகத்தால் கிளப்பி ஒரே இழுப்பில் உரித்துக் கூடையில் போட்டார். பிறகு கத்தியை வைத்தார். மரத்தைப் பார்த்து நின்றால் வெட்டு இடது பக்கம் மேலே தொடங்கி வலது பக்கம் கீழே சரியும். அந்தக் கோட்டின் விளிம்பில் ஒரு மெல்லிய சீவல், பட்டை சுருண்டு விழுந்தது. ஓரிரு நொடி ஒன்றும் இல்லை. அப்புறம் புள்ளி புள்ளியாக வெள்ளை துளிர்த்து, புள்ளிகள் சேர்ந்து ஒரு கோடாகி, கோடு ஓடிப்போய் தகரத் துண்டில் இறங்கிச் சிரட்டையில் முதல் சொட்டு விழுந்தது.

அந்தச் சில நொடிக்குள் தனித்தனியாக விற்கக்கூடிய நான்கு படங்கள் இருக்கின்றன. கத்தியும் கையும். பட்டையில் துளிர்க்கும் பால். சிரட்டையில் விழும் சொட்டு. தலையில் லைட்டோடு இருட்டுக்குள் நிற்கும் ஆள். என் கணக்கில் இத்தனை வருடத்தில் அதிகம் விற்றது அந்தச் சொட்டுப் படம்தான். அன்று அதோடு நிறுத்திக்கொண்டது என் தவறு. ஒரு மாதம் கழித்துத் திரும்பிப் போய் மீதியையும் எடுத்தேன்: பாலை வாளியில் சேர்ப்பது, தண்ணீர் கலந்து டிரேயில் ஊற்றி ஆசிட் விட்டு உறைய வைப்பது, ரோலரில் ஷீட் அடிப்பது, ஷீட்டைக் கொடியில் போட்டு உலர்த்துவது, புகைப்புரையில் ஷீட் மஞ்சளாகித் தேன் நிறத்துக்கு வருவது. பாடநூல் செய்கிறவர்கள், தொழில் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாம் வரிசையாகவே வாங்குவார்கள். ஒரே ஆளின் தொகுப்பில் ஒரே வெளிச்சத்தில் ஆறு படம் இருந்தால் ஆறும் போகும். நடுவில் ஒரு படி விடுபட்டால், வாங்குகிறவர் முழு வரிசையும் வைத்திருக்கும் வேறு ஆளைத் தேடிப் போய்விடுவார்.

தோவாளைப் பூச்சந்தைக்கும் இதே கணக்குத்தான், ஆனால் அங்கே காலம் முக்கியம். ஓணக் காலத்தில் அத்தத்திலிருந்து திருவோணம் வரை பத்து நாளும் கேரளத்துக்கு லாரி லாரியாகப் பூ போகும். கேந்தியும் வாடாமல்லியும் அரளியும் மலை போலக் குவிந்திருக்கும் அந்த நாட்களில் எடுத்த படத்தை அன்றே ஏற்றினாலும் அந்த வருட ஓணத்துக்கு அநேகமாக உதவாது. ஓண விளம்பரம் செய்கிறவர்கள் இரண்டு மூன்று மாதம் முன்பே படத்தைத் தேர்ந்தெடுத்து முடித்திருப்பார்கள். ஆக, இந்த வருட ஓணத்தில் எடுப்பது அடுத்த வருடத்துக்கு. பொங்கல் மஞ்சள் குலை, பனங்கிழங்கு, கார்த்திகை விளக்கு, டிசம்பரில் நம் ஊர்த் தெருக்களில் தொங்கும் கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள் எல்லாமே இப்படித்தான். எடுத்துச் சரிசெய்து பண்டிகைக்கு மூன்று மாதம் முன்பு தளத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வருடம் தெரியும்படியான போஸ்டர், பேனர் எதுவும் சட்டகத்துக்குள் வரக் கூடாது; வந்தால் அடுத்த வருடமே படம் பழசாகிவிடும்.

பூச்சந்தையில் எல்லாரும் மேலிருந்து குவியலை எடுக்கிறார்கள். எனக்கு விற்றவை தராசுத் தட்டில் விழும் பூ, நார் கொண்டு பூத் தொடுக்கும் விரல், நனைந்த சாக்கில் சுற்றிய மல்லிகை மூட்டையைத் தூக்கும் தோள். மேலேயோ பக்கத்திலோ எழுத்து வைக்கக் கொஞ்சம் வெற்றிடம் விட்டு எடுங்கள். இடம் இல்லாத படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் டிசைனருக்குக் கஷ்டம். ஒவ்வொன்றையும் அகலவாக்கில் ஒன்று, நெடுவாக்கில் ஒன்று என எடுப்பதையும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். இப்போது போன் திரைக்கென்று நெடும்படம் கேட்பவர்கள் நிறைய.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றாடிகளை வெறும் வானத்தோடு எடுத்த படங்கள் ஏராளம். கீழே வயலில் நாற்று நடுகிறவர்களோ வாழைத் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சுகிறவரோ இருந்து, பின்னால் காற்றாடி வரிசை தெரிந்தால் விவசாயம், மாற்று எரிசக்தி என்று இரண்டு தலைப்பிலும் அந்தப் படம் தேடலில் வரும். காற்றாடியின் தலைப் பகுதியில் கம்பெனி பெயர் இருக்கும். ஏற்றும் முன் அதை அழிக்க வேண்டும்.

உணவில் நமக்குத் தனிச் சொத்தே இருக்கிறது. நம் ஊர் வாழை வகையான மட்டிப்பழத்துக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் மட்டிக்குலையைச் சுத்தமாக, வெள்ளைப் பின்னணியில் ஒன்றும் கடையில் தொங்கும்போது ஒன்றுமாக எடுத்து, சரியான பெயரோடு ஏற்றியவர்கள் மிகக் குறைவு. செந்துளுவன், ஏத்தன், பேயன், ரசகதலி எல்லாம் தளங்களில் வாழைப்பழம் என்ற ஒரே பெயரில் கிடக்கின்றன. வாழை வகைகளைப் பற்றி எழுதுகிறவர் செந்துளுவன் கேட்டால் செந்துளுவன்தான் கொடுக்க வேண்டும். உங்கள் வீட்டுத் தோட்டத்திலேயே மூன்று நான்கு வகை நிற்கும் என்று நினைக்கிறேன்.

கடலோரத்தைப் பற்றிக் கொஞ்சம் கவனமாகச் சொல்ல வேண்டும். கடல் அரிப்பு, அதைத் தடுக்கக் கடலுக்குள் கல் போட்டுக் கட்டும் தூண்டில் வளைவு, இடிந்த வீடுகள், 2017 நவம்பர் 30ல் வந்த ஒக்கிப் புயலுக்குப் பிந்தைய கடற்கரை வாழ்க்கை, இவற்றுக்குப் பத்திரிகைகளிலும் ஆய்வறிக்கைகளிலும் தேவை உண்டு. செய்திப் பயன்பாட்டுக்கான படம் என்ற பிரிவில் இவை போகும். ஆனால் வீடு இழந்தவர் வாசலில் கேமராவோடு போய் நிற்கும்போது நாம் யாரென்று சொல்லி, எதற்கு எடுக்கிறோம் என்று சொல்லி, அவர் சரி என்ற பிறகுதான் எடுக்க வேண்டும். சட்டம் அதைக் கேட்காமல் இருக்கலாம். நாம் அதே மாவட்டத்துக்காரர்கள், நாளைக்கு அதே தெருவில் மீன் வாங்கப் போகிறவர்கள்.

அனுமதிக்கு வருகிறேன். புதியவர்கள் அதிகம் அடிபடுவது இங்கேதான். தளங்களில் இரண்டு பிரிவு உண்டு. ஒன்று விளம்பரம் உட்பட வணிகத்துக்குப் பயன்படுத்தக்கூடியது. மற்றது செய்தி, கல்வி போன்றவற்றுக்கு மட்டும். வணிகப் பிரிவில் போக வேண்டுமென்றால் படத்தில் அடையாளம் தெரிகிற ஒவ்வொருவரிடமும் மாடல் ரிலீஸ் என்ற ஒப்புதல் தாளில் கையெழுத்து வாங்க வேண்டும். குழந்தை என்றால் பெற்றோரோ காப்பாளரோ போட வேண்டும். தனியார் வீடு, தோட்டம், கடை அடையாளம் தெரிந்தால் அதற்கும் உரிமையாளரின் தாள். கையெழுத்து இல்லாத முகங்களைச் செய்திப் பிரிவில்தான் போட முடியும்.

ஆரம்பத்தில் குளச்சலில் இரண்டு காலை செலவழித்து, வலை இழுப்பதும் மீன் ஏலம் போடுவதுமாக அறுபது படங்கள் எடுத்து வணிகப் பிரிவில் ஏற்றினேன். அறுபதும் திரும்பி வந்தன. முகங்களுக்குத் தாள் இல்லை. படகுகளில் பெயரும் பதிவு எண்ணும் பெரிதாகத் தெரிந்தன. ஒரு படத்தில் பின்னால் நின்ற ஆட்டோவின் கண்ணாடியில் நடிகர் படம். இன்னொருவர் வரைந்த சுவர் ஓவியம், சினிமா போஸ்டர், சட்டையில் உள்ள லோகோ, பிஸ்கட் பாக்கெட் எல்லாமே வணிகப் பிரிவில் தடை. இப்போது எடுக்கும்போதே சட்டகத்தின் நான்கு மூலையையும் ஒரு தடவை கண்ணால் சுற்றிவிட்டுத்தான் அழுத்துகிறேன்.

அந்தக் குலசேகரத்து அக்காவிடம் தாளை நீட்டியபோது அவர் கேட்ட கேள்வியை இன்னும் மறக்கவில்லை. "இதுல கையெழுத்துப் போட்டா என் மூஞ்சி எங்கெல்லாம் வரும் தம்பி?" தாள் ஆங்கிலத்தில் இருந்தது. நான் வரி வரியாகத் தமிழில் சொன்னேன். எந்த நாட்டில், எந்த விளம்பரத்தில் வரும் என்று எனக்கே தெரியாது. ஆபாசமாகவோ அவமானப்படுத்தும்படியோ பயன்படுத்தக் கூடாது என்று உரிமத்தில் விதி இருக்கிறது. ஆனால் ஒரு தடவை விற்றுவிட்டால் திரும்ப வாங்குவது கஷ்டம். இதை அப்படியே சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, மூஞ்சி வேண்டாம், கையை எடுத்துக்கோங்க என்றார். கத்தியும் கையும், சொட்டு, சிரட்டை எல்லாம் அப்படி வந்தவைதான். முகம் தெரியாத கைக்குப் பொதுவாகத் தாள் தேவைப்படாது. பச்சை குத்தியதோ தனி அடையாளமான நகையோ இருந்தால் மட்டும் யோசிக்க வேண்டும். அன்று நான் பொய் சொல்லிக் கையெழுத்து வாங்கியிருந்தால் ஒரு முகப்படம் கிடைத்திருக்கும், ஆனால் அந்தத் தோட்டத்துக்குள் மறுபடி போயிருக்க முடியாது. புகைப்புரை வரைக்கும் என்னைக் கூட்டிக்கொண்டு போனவரே அந்த அக்காதான்.

முகம் வேண்டும் என்றால் வீட்டிலிருந்து தொடங்குங்கள். அம்மா கருப்பட்டிக் காப்பி போடுவது, சித்தப்பா போனில் மருத்துவருடன் வீடியோவில் பேசுவது, தங்கை பரீட்சைக்குப் படிப்பது, பாட்டி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பாஸ்புக்கைப் பார்ப்பது. வெளிநாட்டு மாடல்களை வைத்து எடுத்த செயற்கைப் படங்களால் அலுத்துப்போன வாங்குவோர் இப்போது தேடுவது இந்த மாதிரி நம்பும்படியான இந்திய வீட்டைத்தான். முதுமை, பணம், உடல்நலம், படிப்பு, வீட்டிலிருந்து வேலை, இந்த ஐந்தும் எல்லா மாதமும் விற்கும் தலைப்புகள். சிரித்துக்கொண்டு கேமராவைப் பார்க்கச் சொல்லாதீர்கள், வேலையைச் செய்யச் சொல்லுங்கள். நேரம் ஒதுக்கி நடித்துக் கொடுக்கிறவருக்குப் பணம் கொடுங்கள், வீட்டு ஆளாக இருந்தாலும்.

இடங்களைப் பொறுத்தவரை, பொது இடத்தில் நிரந்தரமாக இருக்கும் சிலையைப் படம் எடுத்து வெளியிடுவது காப்புரிமை மீறல் ஆகாது என்று 1957ம் ஆண்டு இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 52வது பிரிவு சொல்கிறது. ஆனாலும் தளங்கள் தங்கள் பாதுகாப்புக்காகச் சிலை, நினைவுச் சின்னங்களைச் செய்திப் பிரிவில்தான் ஏற்பார்கள் என்று இருக்கலாம். தளத்தின் விதிதான் கடைசி. விவேகானந்தர் மண்டபத்தின் உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனை நம் மாவட்டத்தில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் கையில் இருக்கிறது. கேமராவுக்குத் தனிக் கட்டணம் உண்டு, ஆனால் அந்தச் சீட்டு வணிகப் பயன்பாட்டுக்கான அனுமதி ஆகாது. கோயில்களில் வெளிப் பிரகாரத்துக்கு அப்பால் கேமராவை வெளியே எடுக்காமல் இருப்பது நல்லது. ட்ரோன் வைத்திருந்தால் டிஜிட்டல் ஸ்கை என்ற அரசுத் தளத்தின் வரைபடத்தில் அந்தப் பகுதியின் நிறத்தைப் பார்த்துவிட்டுப் பறக்கவிடுங்கள்.

இனித் தேடுசொற்கள். நல்ல படம் விற்காமல் கிடப்பதற்கு இதுதான் பெரிய காரணம். உங்கள் படங்களின் தலைப்பு எல்லாம் அழகான இந்தியா, அற்புதக் காட்சி என்கிற மாதிரி ஆங்கிலத்தில் இருக்கிறது. யாரும் அற்புதம் என்று தேடுவதில்லை. யார், என்ன செய்கிறார், எதைக் கொண்டு, எங்கே, இதை ஒரே ஆங்கில வாக்கியமாக எழுதினால் தலைப்பு ஆயிற்று. அடோபியில் 49 தேடுசொல் வரை போடலாம், ஷட்டர்ஸ்டாக்கில் 50 வரை. ஐம்பதையும் நிரப்ப வேண்டிய கட்டாயம் இல்லை. அடோபியில் முதல் பத்துச் சொற்களுக்கு மதிப்பு அதிகம் என்பதால் முக்கியமானதை முன்னால் போடுங்கள். ஊர்ப் பெயரைக் கன்னியாகுமரி, கன்யாகுமரி என்று இரண்டு எழுத்துக்கூட்டிலும், பழைய பெயரான கேப் கொமரின் என்றும் சேருங்கள். செடி, மரம், பறவைக்கு அறிவியல் பெயர் கட்டாயம். ரப்பருக்கு ஹீவியா பிரேசிலியென்சிஸ், பனைக்கு பொராசஸ் ஃப்ளாபெல்லிஃபெர். கல்வி நூல் செய்கிறவர்கள் இந்தப் பெயரைக் கொண்டுதான் தேடுவார்கள், அந்தத் தேடலில் உங்களுக்குப் போட்டியும் குறைவு. தேரூர்க் குளத்தில் எடுத்த மஞ்சள் மூக்கு நாரையை வெறும் நாரை என்று போட்டிருக்கிறீர்கள். சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022ல் ராம்சர் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. அந்தச் சொல்லையும் சேர்த்தால் சூழலியல் பற்றி எழுதுகிறவர் கண்ணில் அது படும். படத்தில் இல்லாத எதையும் தேடுசொல்லில் போடாதீர்கள்.

கேமராவுக்கு வருவோம். மாற்ற வேண்டாம். பெரிய தளங்கள் கேட்பது குறைந்தது 4 மெகாபிக்சல். உங்களிடம் இருப்பது 24. அந்தப் பணத்தில் நல்ல முக்காலியும், சொட்டையும் விரலையும் நெருங்கி எடுக்க ஒரு மேக்ரோ லென்ஸும் வாங்கினால் போதும். போனில் பகல் வெளிச்சத்தில் எடுத்தது ஏற்கப்படும். விடியுமுன் எடுத்தால் இருட்டில் படத்தில் விழும் புள்ளிகளை மறைக்கிறேன் என்று போன் எல்லாவற்றையும் மெழுகிவிடும், நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும். ஏற்றும் முன் நூறு சதவீதத்தில் பார்த்து, சென்சார் தூசிப் புள்ளி வானத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். நிறத்தை அதிகம் ஏற்றாதீர்கள். உங்கள் அஸ்தமனப் படங்களில் ஆரஞ்சு கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது.

பணம் பற்றி உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு விற்பனைக்குக் கிடைப்பது சின்னத் தொகை. அடோபி புகைப்படத்துக்கு 33 சதவீதம், வீடியோவுக்கு 35 சதவீதம் தருகிறது. ஷட்டர்ஸ்டாக் 2020 ஜூனிலிருந்து 15 முதல் 40 சதவீதம் வரை படிநிலை வைத்திருக்கிறது. அந்த வருடத்தில் எத்தனை தடவை உங்கள் படங்கள் இறக்கப்பட்டன என்பதைப் பொறுத்துப் படி ஏறும். ஜனவரி 1 அன்று எல்லாரும் மறுபடி கீழ்ப்படிக்கு வந்துவிடுவார்கள். சந்தாவில் இறக்கப்படும் படத்துக்குச் சில நேரம் 10 சென்ட்தான் வரும். செய்திப் படங்களுக்கு, தாள் இல்லாத முகங்களுக்கு அலமி என்ற தளம் நல்ல இடம். எண்ணிக்கை குறைவாக விற்றாலும் ஒவ்வொன்றுக்கும் தொகை கூடுதலாக வரும். ஒரே தளத்துக்கு மட்டும் என்று எழுதிக் கொடுக்காதவரை ஒரே படத்தை எல்லாவற்றிலும் ஏற்றலாம்.

அமெரிக்கத் தளங்களில் வரிப் படிவம் கேட்பார்கள், டபிள்யூ எட்டு பென் (W-8BEN) என்று பெயர். இதை நிரப்பாமல் விட்டால் அமெரிக்காவில் நடந்த விற்பனையில் 30 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். பான் எண்ணைப் போட்டு இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தைக் குறிப்பிட்டால் 15 சதவீதம்தான். நீங்கள் இதைச் செய்திருக்கிறீர்களா என்று இன்றே பாருங்கள். அடோபியில் 25 டாலர் சேர்ந்தால்தான் எடுக்க முடியும். இதை மட்டும் நம்பி வேலையை விடாதீர்கள். கல்யாணம், ஸ்டூடியோ வேலைக்கு நடுவில் வாரம் ஒரு காலையை இதற்கு ஒதுக்கினால், இரண்டு மூன்று வருடத்தில் மாதா மாதம் சிறிது வந்துகொண்டிருக்கும். அதற்கும் ஏற்றுவதை நிறுத்தாமல் இருக்க வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அடோபி அப்படி உருவாக்கிய படங்களை, அவ்வாறு குறிப்பிட்டால் ஏற்கிறது. கெட்டி இமேஜஸ் தளம் ஏற்பதில்லை. பொதுவான அஸ்தமனமும் அலையும் தென்னையும் இனி யார் வேண்டுமானாலும் ஒரு வரி எழுதி உருவாக்கிக்கொள்வார்கள். அந்த வியாபாரம் போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பாடநூலுக்குப் படம் தேடுகிறவருக்கு ரப்பர் மரத்தில் வெட்டு சரியான பக்கம் சரிய வேண்டும். ஆய்வறிக்கைக்கு உண்மையான கடற்கரையும் எடுத்த தேதியும் வேண்டும். ஆகவே இடம், தேதி, வேலையின் சரியான பெயர் இவற்றோடு எடுக்கப்பட்ட படம்தான் நம் கையில் மிச்சமிருக்கிறது. குலசேகரத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு அது சுலபம், வெளியூர்க்காரருக்கு அல்ல.

கடைசிக் கேள்வி, ஏற்றிய 340 படங்கள். எதையும் அழிக்க வேண்டாம். முதலில் சூரிய உதயப் படங்களைத் தேதிவாரியாகப் பிரியுங்கள். விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30ல் திறக்கப்பட்டது. பாலம் இல்லாத படங்கள் இனி இன்றைய கன்னியாகுமரி ஆகாது. சுற்றுலாக் கம்பெனிகள் அவற்றை வாங்கக் கூச்சப்படுவார்கள். அவற்றின் விவரத்தில் எடுத்த வருடத்தைச் சேர்த்துவிடுங்கள், பழைய தோற்றம் தேடுகிறவருக்கு உதவும். பாலத்தோடு புதிதாக ஒரு பத்துப் படம் எடுங்கள், அதில் நான்கு படத்திலாவது எழுத்துக்கு இடம் இருக்கட்டும். சித்ரா பௌர்ணமி அன்று ஒரு பக்கம் சூரியன் இறங்க மறுபக்கம் நிலா ஏறுவதை ஒரே அகலப் படத்தில் பிடித்தால் அதை மட்டும் நானும் வாங்குவேன். அப்புறம், திற்பரப்பில் தண்ணீரை மட்டும் எடுத்த அறுபது படத்துக்கு நடுவில், அருவிக்குக் கீழே ஒரு அப்பா பயந்து அழுகிற மகனைத் தோளில் ஏற்றி நிற்கிற படம் ஒன்று இருக்கிறது. முதுகுப் பக்கம்தான் தெரிகிறது, முகம் தெரியவில்லை. அதற்கு நீங்கள் போட்ட தலைப்பு அருவி. அப்பா, மகன், பயம், பாதுகாப்பு, விடுமுறை என்று மாற்றி எழுதுங்கள், முதலில் அதிலிருந்து தொடங்குங்கள்.